இருப்புப்பாதையைக் கடக்கும் வழி: பெங்களூரு ரயில் நிலையங்களும் பாதசாரிகளும்

சோலையார்பேட்டையிலிருந்து பெங்களூரு கண்டோன்மென்ட் வரையிலான இருப்புப்பாதை 1864-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அந்நாளில் ரயில் நிலையம் என்பது ஊரின் விளிம்பில் நின்ற ஒரு கட்டடம். பயணிகள் ஒரு பக்கத்திலிருந்து வந்தனர். மறுபக்கத்தில் பெரும்பாலும் வயலும் ஏரிக்கரையுமே இருந்தன. ஆகவே நிலையத்துக்கு ஒரு முகப்பு, ஒரு வாயில், ஒரு நடைமேடை என்ற அமைப்பு போதுமானதாக இருந்தது. இன்று அந்த மறுபக்கமும் நகரமே. தண்டவாளங்களின் இருபுறமும் வீடுகள், பள்ளிகள், ஆலைகள், அலுவலகங்கள் எழுந்துவிட்டன. நகரத்துக்கு வழி கொடுத்த இருப்புப்பாதையே அந்நகரை இரண்டாகப் பிளக்கும் கோடாகவும் ஆகியிருக்கிறது. இக்கோட்டைப் பாதசாரி எவ்வாறு கடப்பது என்பது சிறிய கேள்வியாகத் தோன்றலாம். ஆயினும் நாள்தோறும் உயிர்களைப் பணயம் கேட்கும் கேள்வி அது.

இக்கேள்வி பெங்களூருவில் இப்போது தனி அவசரம் பெறுவதற்குக் காரணம் உண்டு. 2020 அக்டோபரில் மத்திய அமைச்சரவை பெங்களூரு புறநகர் ரயில் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. நான்கு வழித்தடங்கள், ஏறத்தாழ 148 கிலோமீட்டர் நீளம், ரூ. 15,767 கோடி மதிப்பீடு. வழித்தடங்களுக்குச் சம்பிகை, மல்லிகை, பாரிஜாதம், கனகம் என்று பூக்களின் பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள். (கன்னடத்தார் சம்பிகை என்பது நம் செண்பகம், கனகம் என்பது கனகாம்பரம்.) 2022 ஜூன் 20-ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பட்டது. அதே நாளில் கண்டோன்மென்ட், யஷ்வந்த்பூர் ஆகிய இரு பழைய நிலையங்களைப் புதுப்பிக்கும் பணிக்கும் அடிக்கல் நாட்டப்பட்டது. புதிய நிலையங்கள் பல எழவும் பழைய நிலையங்கள் உருமாறவும் இருக்கும் நேரம் இது. ஒரு நடை மேம்பாலத்தையோ சுரங்கப் பாதையையோ தவறான இடத்தில் அமைத்துவிட்டால் அதை நகர்த்தி வைக்க இயலாது. அரை நூற்றாண்டுக்கு அந்தத் தவற்றுடனேயே மக்கள் வாழ வேண்டியிருக்கும்.

ரயில்வே பாதுகாப்பை ஆராய அமைக்கப்பட்ட அனில் ககோத்கர் தலைமையிலான உயர்நிலைக் குழு 2012-இல் தன் அறிக்கையை அளித்தது. தண்டவாளங்களை முறையின்றிக் கடப்பதால் மட்டும் நாட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 15,000 பேர் இறப்பதாகவும், அவர்களில் ஏறத்தாழ 6,000 பேர் மும்பை புறநகர்ப் பகுதியில் இறப்பதாகவும் அக்குழு கணக்கிட்டது. ரயில்கள் மோதியோ தடம் புரண்டோ நேரும் சாவுகள் நாளேடுகளின் முதல் பக்கத்தில் இடம்பெறுகின்றன. இச்சாவுகளோ ஒன்றொன்றாக, ஓசையின்றி நிகழ்கின்றன. 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவு, அத்துமீறி இருப்புப்பாதைக்குள் நுழைவோருக்கு ஆறு மாதம் வரை சிறையோ ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. சட்டம் இருக்கிறது, சாவுகளும் தொடர்கின்றன. ஆகவே காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும்.

மக்கள் ஏன் இறங்கிக் கடக்கிறார்கள்?

கோலார் தங்கவயல் சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டபின், அங்குள்ள தொழிலாளர் குடும்பங்களின் அடுத்த தலைமுறையினர் பலர் பெங்களூருவில் வேலை தேடிக்கொண்டனர். மாரிகுப்பத்திலிருந்து புறப்படும் ரயில்கள் வைட்பீல்டு, கிருஷ்ணராஜபுரம், கண்டோன்மென்ட் வழியாக அவர்களைக் காலையில் கொண்டுவந்து சேர்த்து, மாலையில் திரும்ப ஏற்றிச் செல்கின்றன. அத்தகைய ரயில் ஒன்றிலிருந்து இறங்குபவரின் நிலையில் நம்மை வைத்துப் பார்ப்போம். அவர் கடைசிப் பெட்டியில் வந்தவர். போக வேண்டிய தெரு எதிர் நடைமேடைக்கு அப்பால் கண்ணெதிரே தெரிகிறது. இடையில் இரண்டு தடங்கள், ஏறத்தாழ பத்து மீட்டர். கருங்கல் ஜல்லியின்மேல் நடந்தால் பத்து, பதினைந்து விநாடி.

நீண்ட தூர ரயில்கள் நிற்கும் நடைமேடை ஏறத்தாழ 550 மீட்டர் நீளமுள்ளது. மேம்பாலம் அதன் மறுகோடியில் இருந்தால், அங்கு வரை நடந்து, ஏறி இறங்கி, எதிர்ப்புறத்தில் அதே தொலைவு திரும்பி நடக்க வேண்டும். மொத்தம் 1,100 மீட்டர். விநாடிக்கு 1.2 மீட்டர் என்ற இயல்பான நடைக்கு இது 15 நிமிடம். மேம்பாலம் நடுவில் இருந்தால் ஏழெட்டு நிமிடம். இரண்டு மேம்பாலங்களை நடைமேடையின் கால்பங்கிலும் முக்கால்பங்கிலும் அமைத்தாலோ, எவரும் ஒரு பாலத்துக்கு 140 மீட்டருக்கு மேல் நடக்க வேண்டியதில்லை. சுற்று நான்கு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். பாலத்தின் எண்ணிக்கையை ஒன்றிலிருந்து இரண்டாக்கும்போது, கோடியில் இறங்குபவரின் சுற்று பதினைந்து நிமிடத்திலிருந்து நான்கு நிமிடமாகக் குறைகிறது என்றால், அதில் பாதிப் பயன் எண்ணிக்கையால் வந்ததன்று. இடத்தைச் சரியாகத் தேர்ந்ததால் வந்தது. தென்மேற்கு ரயில்வேயின் ஹூப்ளி நிலையத்தில் 2023-இல் 1,507 மீட்டர் நீள நடைமேடை திறக்கப்பட்டது; உலகிலேயே மிக நீளமானது என்ற பெருமை அதற்கு உண்டு. நடைமேடை நீள நீள, கடக்கும் வழிகளும் பெருக வேண்டும் என்பதைப் பெருமையோடு சேர்த்து நினைவில் கொள்ளலாம்.

பதினைந்து விநாடிக்கும் பதினைந்து நிமிடத்துக்கும் இடையே ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிவிட்டு, அவர் விநாடிகளைத் தேர்ந்தெடுத்தால் ஒழுக்கக் கேடு என்று சொல்வது எளிது. ஆபத்தின் அளவை அவர் உணராதவர் என்பதும் உண்மையே. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ரயில் விநாடிக்கு ஏறத்தாழ 28 மீட்டர் கடக்கிறது. அவர் கடக்க எடுக்கும் பத்து விநாடியில் அது 280 மீட்டர் வந்துவிடும். பாதை வளைந்திருந்தாலோ, முன்தடத்தில் ஒரு ரயில் நின்றிருந்தாலோ, அந்த 280 மீட்டரைப் பார்க்கவே இயலாது. ஓட்டுநர் அவரைக் கண்டு உடனே நிறுத்துவிசையைப் பயன்படுத்தினாலும், அந்த வேகத்தில் செல்லும் ரயில் நிற்க ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தேவை. மின்சார ரயில்கள் பழைய நீராவி வண்டிகளைப்போல் தம் வருகையை முன்கூட்டி முழங்குவதுமில்லை.

மேலேயா, கீழேயா?

பொறியாளர்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது இது. பலரும் மேம்பாலமே எளிது என எண்ணுகின்றனர். கட்டுவோருக்கு அது எளிதுதான், நடப்போருக்கு அப்படியன்று.

மின்மயமான தடத்தின்மேல் 25,000 வோல்ட் மின்கம்பி செல்கிறது. ஆகவே நடை மேம்பாலத்தின் அடிப்பகுதி, தண்டவாள மட்டத்திலிருந்து குறைந்தது 6.25 மீட்டர் உயரத்திலாவது இருக்க வேண்டியுள்ளது. உயர்மட்ட நடைமேடை தண்டவாளத்துக்கு மேல் 0.84 மீட்டர் வரை இருக்கலாம். அதைக் கழித்து, பாலத் தளத்தின் கனத்தைக் கூட்டினால், பயணி ஏற வேண்டிய உயரம் ஏறத்தாழ ஆறு மீட்டர். படி ஒன்றுக்கு 15 சென்டிமீட்டர் வீதம் நாற்பது படிகள். இறங்க மீண்டும் நாற்பது. சுரங்கப் பாதைக்கோ மனித உயரத்துக்கு மேல் சிறிது இடைவெளி இருந்தால் போதும். தலைக்கு மேல் 2.5 மீட்டர், கான்கிரீட் கூரை அரை மீட்டர், அதன்மேல் ஜல்லியும் தண்டவாளமும் ஏறத்தாழ 0.9 மீட்டர், நடைமேடையின் உயரம் 0.84 மீட்டர். மொத்தம் நாலேமுக்கால் மீட்டர், முப்பத்திரண்டு படிகள். ஒவ்வொரு முறையும் எட்டுப் படிகள் மிச்சம். எட்டுப் படிகள் இளைஞருக்குப் பொருட்டல்ல. மூட்டுவலியுள்ள மூதாட்டிக்கு அது ஒரு முழுத் தளம்போல. மேலும், சுரங்கப் பாதையில் முதலில் இறங்குகிறோம், பின்னர்தான் ஏறுகிறோம். முதல் அடியே ஏற்றமாக இருக்கும் வழியை மனம் தவிர்க்கப் பார்க்கும் என்பது நம் அனைவருக்கும் தெரிந்த அனுபவம்.

அப்படியானால் எங்கும் சுரங்கப் பாதையே அமைக்கலாமே என்று கேட்கலாம். பெங்களூருவைப் பொறுத்தவரை விடை தண்ணீரில் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருந்தாலும், இந்நகரம் மேடும் பள்ளமுமாக, ஏரிகளையும் அவற்றை இணைக்கும் கால்வாய்களையும் கொண்டு வளர்ந்தது. ஏரிகள் பல தூர்ந்து கட்டட நிலமாயின. நகர ரயில் நிலையத்துக்கு எதிரேயுள்ள கெம்பேகௌடா பேருந்து நிலையமே தர்மாம்புதி ஏரி இருந்த இடத்தில்தான் அமைந்திருக்கிறது. ஏரி மறைந்தாலும் மழைநீர் தன் பழைய வழியை மறப்பதில்லை. 2023 மே 21-ஆம் நாள் கே.ஆர். சர்க்கிள் அருகே சாலைச் சுரங்கத்தில் தேங்கிய வெள்ளத்தில் கார் சிக்கி ஓர் இளம்பெண் உயிரிழந்தார். அது வாகனங்களுக்கான சுரங்கம். எனினும் பாதசாரிகளுக்கான சுரங்கத்தைத் திட்டமிடுவோருக்கும் அதில் பாடம் உண்டு. வாயிலில் தெரு மட்டத்துக்கு மேல் இரண்டு மூன்று படிகள் ஏறிய பின்னரே இறங்கத் தொடங்கும்படி ஒரு வரம்பு, படிக்கட்டின்மேல் கூரை, அடியில் நீர் சேரும் தொட்டி, மின்சாரம் நின்றாலும் இயங்கும் இறைப்பி ஆகியவை இல்லாத சுரங்கப் பாதை ஆண்டில் பல மாதங்கள் பயன்படாது.

தண்ணீருக்கு அடுத்தது அச்சம். இருண்ட, வளைந்த, ஆளரவமற்ற சுரங்கத்தில் இரவு எட்டு மணிக்குப் பெண்கள் நுழையத் தயங்குவது இயல்பு. நுழையும் இடத்திலிருந்தே வெளிவாயில் தெரியவேண்டும். பாதை நேராக இருக்கவேண்டும். அகலம் தாராளமாக இருந்தால் இரண்டொரு கடைகள் இருப்பதுகூட நன்மையே. கடைகள் நடப்பவருக்கு இடைஞ்சல் என்று அதிகாரிகள் நினைப்பதுண்டு. அளவோடு இருந்தால் அவை காவலாகவும் அமைகின்றன என்பது என் கருத்து.

கட்டும் முறையிலும் வேறுபாடு உண்டு. மேம்பாலத்தின் உத்தரங்களை ஏற்ற, சில மணி நேரம் ரயில்களையும் மின்சாரத்தையும் நிறுத்தினால் போதும். சுரங்கத்துக்கோ, கான்கிரீட் பெட்டிகளைத் தண்டவாளத்தின் பக்கத்தில் வார்த்து, நீரழுத்த நெம்பிகளைக் கொண்டு மண்ணுக்குள் மெல்ல மெல்லத் தள்ளுகின்றனர். மேலே ரயில்கள் குறைந்த வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். பணி முடியும்வரை எல்லா ரயில்களுக்கும் தாமதம். ஆகவே ரயில்வேயின் நாட்டம் இயல்பாகவே மேம்பாலத்தின் பக்கம் சாய்கிறது. செலவைக் கணக்கிடும்போது, கட்டும் ஆறு மாதத்தின் தாமதத்தைக் கணக்கில் சேர்க்கிறோம். பின்வரும் ஐம்பது ஆண்டுகளில் மக்கள் ஏறப்போகும் கூடுதல் படிகளைச் சேர்ப்பதில்லை.

உண்மையில் நிலத்தின் அமைப்பே பல இடங்களில் முடிவைச் சொல்லிவிடுகிறது. ஓகலிபுரத்தில் சாலை தண்டவாளங்களுக்கு அடியில் செல்கிறது. இருப்புப்பாதை மேட்டின்மேல் செல்லும் அத்தகைய இடங்களில், தெருவிலிருந்து ஏறாமல் இறங்காமல் அடியில் நடந்து, நடைமேடைக்கு மட்டும் ஏறும்படி அமைக்கலாம். வெள்ளநீரும் தெருவோடு வடிந்துவிடும். பாதை மேட்டை வெட்டிய பள்ளத்தில் செல்லும் இடங்களில் தெரு மட்டத்திலிருந்தே பாலம் தொடங்கலாம். ஒரே மாதிரி வரைபடத்தை எல்லா நிலையங்களுக்கும் அனுப்புவது, நிலத்தின் இந்தக் கொடையை மறுப்பதாகும்.

அகலம் எவ்வளவு?

2017 செப்டம்பர் 29-ஆம் நாள் காலை மும்பை எல்ஃபின்ஸ்டன் ரோடு நிலையத்தின் நடை மேம்பாலத்தில் நேர்ந்த நெரிசலில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெருமழை, நனையாமலிருக்கப் பலர் பாலத்திலேயே நின்றுவிட்டனர், ரயில்கள் அடுத்தடுத்து வந்து மேலும் மேலும் மக்களை இறக்கின. பாலம் உடையவில்லை, இடம்தான் போதவில்லை. அதுவரை நடை மேம்பாலம் என்பது ரயில்வே கணக்கில் 'பயணிகளுக்கான வசதி'களுள் ஒன்று. அதன்பின் அது கட்டாயமான பாதுகாப்புத் தேவை என அறிவிக்கப்பட்டது. அந்த நிலையத்துக்கான புதிய பாலத்தை இராணுவம் கட்டி, 2018 பிப்ரவரியில் திறந்துவைத்தது.

போதிய அகலம் என்பதைக் கணக்கிடும் முறை கடினமன்று. லண்டன் சுரங்க ரயில் நிறுவனம் வழக்கமாகக் கொள்ளும் அளவின்படி, இருதிசையிலும் மக்கள் செல்லும் படிக்கட்டில் ஒரு மீட்டர் அகலத்துக்கு நிமிடத்தில் 28 பேர் கடக்கலாம். சமதளப் பாதையில் 40 பேர். மூட்டை முடிச்சுகளோடும் குழந்தைகளோடும் வரும் நம் பயணிகளுக்கு இது இன்னும் குறையலாம். மூன்று மீட்டர் அகலப் படிக்கட்டு ஒன்று நிமிடத்துக்கு 84 பேரைத்தான் ஏற்றும். ஒரு நீண்ட தூர ரயிலிலிருந்து 1,500 பேர் இறங்கினால் நடைமேடை காலியாக ஏறத்தாழ 18 நிமிடம் ஆகும். அதற்குள் எதிர்த்தடத்தில் அடுத்த ரயில் வந்துவிட்டால் என்ன நேரும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை.

இதில் ஒரு நுட்பம் கவனிக்கத் தக்கது. சமதளத்தில் 40, படியில் 28 என்றால், பாலமும் படிக்கட்டும் ஒரே அகலத்தில் இருக்கக்கூடாது. படிக்கட்டுகளின் மொத்த அகலம் பாலத்தின் அகலத்தைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு இருக்கவேண்டும். நடைமுறையில் பல இடங்களில் இதற்கு நேர்மாறாக இருப்பதைக் காண்கிறோம். நடைமேடை குறுகலாக இருப்பதால் படிக்கட்டு ஒடுங்குகிறது. மேலே பாலம் மட்டும் விரிந்து கிடக்கிறது. நிலைய மேம்பாட்டுத் திட்டங்களில் 12 மீட்டர் அகல மேம்பாலங்கள் இப்போது இடம்பெறுகின்றன. வரவேற்கத் தக்கதே. ஆனால் அவற்றிலிருந்து இறங்கும் வழிகளின் அகலத்தையும் அதே வரைபடத்தில் தேடிப் பார்ப்பது நல்லது.

புது டெல்லி நிலையத்தில் 2025 பிப்ரவரி 15-ஆம் நாள் இரவு 18 பேர் உயிரிழந்ததும் மேம்பாலப் படிக்கட்டில்தான். ஒரு பயணியின் தலையிலிருந்து பெரிய மூட்டை சரிந்ததே தொடக்கம் என ரயில்வே அமைச்சகம் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. மூட்டை விழுவது எந்நாளும் நிகழக்கூடியது. அது உயிரிழப்பாக மாறியது, விழுந்த இடத்தில் ஒதுங்க இடமில்லாததால். ஆகவே படிக்கட்டின் நடுவே அகன்ற இளைப்பாறும் தளமும், ஏறுவோரையும் இறங்குவோரையும் பிரிக்கும் நடுக் கைப்பிடியும், படியின் அடியிலும் உச்சியிலும் எவரும் நிற்கத் தேவையற்ற வெற்றிடமும் வேண்டும். ரயிலுக்குக் காத்திருப்போர் பாலத்தின்மேல் நின்று நேரப் பலகையைப் பார்க்கும்படி பலகையை அங்கே மாட்டுவது பெரும் பிழை.

நகரும் படிக்கட்டு ஒன்று நிமிடத்துக்கு நூறு பேர் அளவில் ஏற்றவல்லது. மின்தூக்கி அப்படியன்று, ஒரு முறை சென்று திரும்ப ஒன்றரை நிமிடம் ஆகுமானால், இருபது பேர் கொள்ளும் கூண்டு நிமிடத்துக்குப் பதின்மூன்று பேரைத்தான் தூக்கும். அது கூட்டத்துக்கான கருவியல்ல. ஏற இயலாதோருக்கான உரிமை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதைச் சலுகையாகக் கருதவில்லை. சாய்தளம் அமைத்தால் மின்சாரம் தேவையில்லை என்பது மெய். ஆனால் 12-க்கு 1 என்ற சரிவில் ஆறு மீட்டர் ஏற 72 மீட்டர் நீளமும், இடையே இளைப்பாறும் தளங்களுக்குப் பத்து மீட்டரும் வேண்டும். குறுகிய நடைமேடையில் அதற்கு இடமேது? சுரங்கப் பாதைக்கு இந்நீளம் ஐந்தில் ஒரு பங்கு குறையும். சக்கர நாற்காலியைப் பற்றிச் சிந்திக்கும்போதும் கீழ்வழி சற்றே மேலானதாகத் தெரிகிறது.

யாருக்காகப் பாலம்?

இதுவரை பயணிகளைப் பற்றிப் பேசினோம். தண்டவாளத்தில் இறங்குவோர் அனைவரும் பயணிகள் அல்லர். நகரின் கிழக்கே ஒரு நிலையத்தின் அருகில் ஒருநாள் மாலை அரை மணி நேரம் நின்று பார்த்தேன். சுவரின் உடைந்த இடைவெளி வழியாகத் தடங்களைக் கடந்தவர்களில் பள்ளிப் பிள்ளைகள் இருந்தார்கள்; பால் வாங்கிச் சென்ற ஓர் அம்மையார் இருந்தார்; மிதிவண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒருவர் சென்றார். நிலையத்தின் மேம்பாலம் ஐம்பதடி தொலைவில்தான் இருந்தது. ஆனால் அது நடைமேடையிலிருந்து நடைமேடைக்குச் செல்வது. தெருவிலிருந்து தெருவுக்குச் செல்வதன்று. அதில் ஏற நடைமேடைச் சீட்டு வேண்டும்.

ரயில்வே தன் எல்லைக்குள் பாலத்தை முடித்துக்கொள்கிறது. மாநகராட்சி தன் சாலையோடு நின்றுகொள்கிறது. இடையிலுள்ள இருபது மீட்டர் யாருடையதும் அன்று. இவ்விரு நிர்வாகங்களும் ஒரே வரைபடத்தின்முன் அமர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னை மாம்பலம் நல்ல சான்று. அங்கு ரயில் நிலையத்தையும் தியாகராய நகர் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் ஏறத்தாழ 570 மீட்டர் நீள ஆகாய நடைபாதை 2023 மே மாதம் திறக்கப்பட்டது. ஆம்ஸ்டர்டாம் நகரில் 2015-இல் மத்திய ரயில் நிலையத்தின் அடியில் பாதசாரிகளுக்கும் மிதிவண்டிகளுக்கும் தனிச் சுரங்கம் திறக்கப்பட்டபோது, ரயிலில் ஏறாதவரும் நிலையத்தை ஊடறுத்து மறுபுறம் செல்ல முடிந்தது. ஜப்பானிய நகரங்கள் பலவற்றில் நிலையக் கட்டடத்தையே தண்டவாளங்களுக்கு மேல் எழுப்பி, அதன் நடுவே ஒரு பொதுத் தெருவை விட்டுவைக்கிறார்கள். சீட்டு வாயில் அத்தெருவின் ஓரத்தில் இருக்கிறது.

பெங்களூருவில் இதற்கான வாய்ப்பு இப்போது வந்திருக்கிறது. வைட்பீல்டு, கிருஷ்ணராஜபுரம், யஷ்வந்த்பூர், நகர நிலையம் ஆகிய எல்லா இடங்களிலும் மெட்ரோ நிலையங்கள் ரயில் நிலையங்களின் அருகிலேயே அமைந்துள்ளன. யஷ்வந்த்பூரில் தடங்களுக்கு மேல் பெரிய கூடம் அமையவிருக்கிறது. அக்கூடத்தில் சீட்டின்றி நடக்கக்கூடிய ஒரு பொதுவழி ஒதுக்கப்படுமா என்பதுதான் அவ்வட்டாரத்து மக்கள் கேட்க வேண்டிய கேள்வி. பையப்பனஹள்ளியில் 2022 ஜூனில் இயங்கத் தொடங்கிய சர் எம். விசுவேசுவரய்யா முனையத்தில் ஏழு நடைமேடைகளை மேம்பாலமும் சுரங்கப் பாதைகளும் இணைக்கின்றன. புதிய நிலத்தில் புதிதாகக் கட்டும்போது இரண்டையும் சேர்த்தே அமைக்க முடிகிறது. ஓடும் ரயில்களுக்கு அடியில் பின்னர் தோண்டுவதைவிட, புறநகர்ப் பாதைகளைப் போடும்போதே கான்கிரீட் பெட்டிகளை மண்ணில் புதைத்துவிடுவது செலவு குறைந்தது. நிலையம் இல்லாத இடங்களில்கூட, அரை கிலோமீட்டருக்கு ஒன்றாக அவ்வாறு புதைத்து வைக்கலாம்.

சிறிய நிறுத்தங்களுக்கு இவ்வளவு பொருள் செலவிட இயலாது என்பர். உண்மைதான். அங்கே செய்யக் கூடியவை வேறு: பாலம் கட்டும்முன் ஒரு வாரம் நின்று, மக்கள் எந்த இடத்தில் இறங்கிக் கடக்கிறார்கள் என்று எண்ணிப் பார்ப்பது, தேய்ந்த ஒற்றையடிப் பாதை எங்கே தண்டவாளத்தைத் தொடுகிறதோ அங்கேயே படிக்கட்டின் வாயிலை வைப்பது, இரு நடைமேடைகளிலும் முன்பெட்டியில் இறங்குவோரும் பின்பெட்டியில் இறங்குவோரும் கூடும் இடத்தைப் பார்ப்பது. வேலியைப் பாலத்துக்குப் பின்னர்தான் போடவேண்டும். வழி திறக்கும்முன் வேலியடைத்தால், அடுத்த வாரமே அதில் ஓர் ஆள் நுழையும் அளவுக்குத் துளை விழுந்திருக்கும். அந்தத் துளை எந்த இடத்தில் விழுகிறது என்பதைக் குறித்துக்கொண்டு, அடுத்த பாலத்தின் வரைபடத்தை அங்கிருந்து தொடங்கலாம்.